சமையலறைக் காட்சிக்கு இசை வேண்டும்

பின்னணி இசை வேண்டாம் என்று மல்லுக்கு நிற்பதில் அந்த எடிட்டரை மிஞ்ச ஆளில்லை. “கொலைகாரன் வரப்போறான்னு வயலின் முன்கூட்டியே தண்டோரா போட்டுட்டா, அப்புறம் எவன் சார் பயப்படுவான்?” என்று கேட்டு எத்தனையோ டைரக்டர்களின் வாயை அடைத்தவன். ஸ்டுடியோவில் அவனுக்கு மௌனசாமி என்றே பெயர்.

அப்பேர்ப்பட்டவன் அன்று பிளேட்டைத் திருப்பிப் போட்டான்.

கதாநாயகி வீடு திரும்புகிறாள். பூட்டிவிட்டுப் போன வீட்டில் சமையலறை விளக்கு எரிகிறது. உள்ளே குழாய் சொட்டுகிறது. அவள் அந்த வெளிச்சத்தை நோக்கி நடக்கிறாள். காட்சி அவ்வளவுதான்.

“இதை நீ சொல்ற மாதிரியே மியூசிக் இல்லாம விட்டுடலாம்யா,” என்றார் டைரக்டர்.

“இல்ல சார். மியூசிக் வேணும்.”

டைரக்டர் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே?”

“மத்த சீனுக்கெல்லாம் மியூசிக் டைரக்டர் வெளியூர்ல இருந்தே போட்டு அனுப்பிட்டாங்க. இதுக்கு மட்டும் அவங்க நேர்ல வந்தாகணும்.”

மியூசிக் டைரக்டர் அவனுடைய மனைவி. டைரக்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. “கூப்பிட்டுக்கோ,” என்று எழுந்து போய்விட்டார்.

அவள் வெளியூரிலிருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு வருஷமாகிறது. அடிதடி, குடி என்று பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டிலும் ஐயா மௌனசாமிதான். கோபம் வந்தாலும் வாய் திறக்க மாட்டான், பிரியம் வந்தாலும் திறக்க மாட்டான். “அடுத்து என்ன வருமோன்னு எத்தனை நாள் உங்க மூஞ்சியையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கறது?” என்று கேட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டினாள். அதற்கும் அவன் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அவளுக்காக ஏங்கினான். அந்த ஏக்கத்தையும் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் வருகிற அன்று, எடிட்டிங் அறையில் குவிந்திருந்த டீ கப்புகளைத் தானே அள்ளிப் போட்டான். அவளுக்குச் சளி பிடிக்குமென்று ஏசியைக் குறைத்தான். இஸ்திரி போட்ட சட்டை வேறு.

மதியம் கீபோர்டுப் பையோடு வந்தாள். சற்று இளைத்திருந்தாள். “சாப்பிட்டியா?” என்று கேட்டான். “ஆச்சு,” என்றாள். காட்சியை ஒருமுறை பார்த்தாள். அடித்தொண்டையில் முனகுவது போன்ற சில சுரங்களை அதன் கீழே வாசித்துச் சேர்த்தாள். மறுபடி இருவரும் பார்த்தார்கள்.

“கெட்டுப்போச்சு,” என்று வாசித்ததையெல்லாம் அவளே அழித்துவிட்டாள். “குழாய் சத்தம் அமுங்கிடுது. அவ பயப்படறதுக்கு முன்னாடியே நமக்கு எல்லாம் தெரிஞ்சுடுது. இந்த இடத்துக்கு மியூசிக் வேண்டாம்னு உங்களுக்கா தெரியாது?”

“தெரியும்.”

“அப்புறம் எதுக்கு என்னை இவ்வளவு தூரம் வரவெச்சீங்க?”

மௌனசாமி வாயைத் திறந்தான்: “உன்னைப் பார்க்கணும் போல இருந்தது. நீ இல்லாம வீட்டுக்குள்ள நுழையவே பிடிக்கல.”

அவள் கீபோர்டின் ஒயரைப் பிடுங்கிச் சுற்றினாள்.

“இதை ஃபோன்லயே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா வந்திருப்பியா?”

“மாட்டேன்.” கீபோர்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். “ஆனா ஒரு வருஷமா அந்த ஃபோனையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க மாட்டேன்.”

அவன் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தான். இருந்துவிட்டுப் போயேன் என்றான். அக்கா காத்திருப்பாள், மாலை ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றாள். காரில் ஏறியவள் கண்ணாடியை இறக்கினாள்.

“ஃபோன் பண்ணுங்க. படத்தைப் பத்திப் பேசினீங்கன்னா வெச்சுடுவேன்.”

கார் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அவன் அவளுடைய நம்பரை அழுத்திவிட்டான். என்ன பேசுவது என்று யோசிக்கக்கூட இல்லை.