நத்தைகள் மேல் விழுந்த பழி

லின்ஃபீல்டில் கதிர்காமநாதனின் வீட்டுக்கும் ஜோசபினின் வீட்டுக்கும் நடுவே வேலி கிடையாது. கார் போகிற பாதை ஒன்று. அதன் ஓரமாக ஜோசபின் போட்ட பூப்பாத்தி. அதன் முன்வரிசையில் ஒரு சாணுக்கு மேல் வளராத கம்பனுலாச் செடிகள். கவிழ்த்த கிண்ணம்போல அடக்கமாக நின்று, பூமியின் அந்தத் தென்பாதியில் கார்த்திகையில் வரும் கோடை தொடங்கியதும் நீல மணிகளாகப் பூத்தன.

ஓய்வுபெற்ற நில அளவையாளரான கதிர்காமநாதன் காலையில் குளித்து, திருநீறு பூசி, தன் வீட்டுப் பிள்ளையாருக்கு அந்தப் பூக்களில் ஒரு கை ஆய்ந்துகொண்டு வருவார். கேட்டு ஆய்வதில்லை. சாமிக்கு ஆய்கிற பூ களவாகாது என்பது அவர் பிறந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். செடிக்காரருக்கும் புண்ணியத்தில் பங்குண்டு. ஜோசபின் மலேசியாவில் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய பங்கு எங்கே போய்ச் சேரும் என்பதை மட்டும் கதிர்காமநாதன் இன்னும் யோசித்து முடிக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை மாலை ஜோசபின் பாத்தியருகே குந்தியிருந்து நீல உருண்டைகளைத் தூவிக்கொண்டிருந்தார்.

“என்ன பிள்ளை, செடிக்குப் பசளையோ?” என்று கேட்டார் கதிர்காமநாதன்.

“நத்தை மருந்து அங்கிள். மலர்ந்த பூவா பாத்துத் தின்னுட்டுப் போவுது. வாடினதத் தொடவே மாட்டேங்குது.”

“காம்போடயோ?”

“காம்போடத்தான். இந்த ஊரு நத்தைக்கு ரொம்பத் திமிரு லா. வர்ற ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பீடத்துக்குப் பூ வைக்கிறது என் முறை. சாமிக்குன்னு வளத்ததத் தின்னா சும்மா விடுவேனா?”

சும்மா விடக்கூடாதுதான் என்று அவரும் தலையாட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் காலை பூ ஆயப் போனவர், பாத்தியில் பதினொரு நத்தைகள் செத்துக் கிடப்பதைக் கண்டார். பன்னிரண்டாவது இன்னும் அசைந்துகொண்டிருந்தது. முப்பது வருடமாக முட்டைகூடத் தொடாதவர் அவர். பூவில்லாமல் வீட்டுக்குத் திரும்பி, பிள்ளையார் முன் நின்று தேவாரத்தைத் தொடங்கினார். இரண்டாம் அடி வரவில்லை. பிள்ளையாரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போய் ஜோசபினின் கதவைத் தட்டினார்.

“பிள்ளை, ஒரு விசயம் கதைக்கோணும். அந்தப் பூவை நத்தை தின்னேல்லை.”

“பின்ன?”

“நான்தான் ஆஞ்சனான்.”

ஜோசபின் அவரை மேலும் கீழும் பார்த்தார். “எத்தன நாளா?”

“கார்த்திகை விளக்கீட்டிலயிருந்து, மூண்டு கிழமையா.”

“மூணு வாரமாவா! தினமும் ஜெபத்துல நத்தையத் திட்டியிருக்கேன் அங்கிள்.”

“அது எனக்குத்தான் வந்து சேர்ந்திருக்கும். அந்த மருந்தை எடுத்துப்போடுங்கோ பிள்ளை. வாயில்லாச் சீவன், நான் செய்த களவுக்குச் சாகுது.”

“நத்தையும் கொஞ்சம் தின்னுது அங்கிள்,” என்றார் ஜோசபின், நியாயத்துக்காக.

ஆனாலும் இரண்டு சோடிக் கையுறைகளோடு வெளியே வந்தார். இருவரும் குனிந்து உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். ஜோசபின் எல்லர்ஸ்லிக்கு வேலைக்குப் போகும்போது அரை மணி நேரம் பிந்திவிட்டது. போகுமுன் ஒரு வாடிய பூவைக் காம்போடு கிள்ளிக் காட்டினார்.

“இதை எடுத்துட்டே இருந்தாத்தான் புதுசா மொட்டு வைக்கும். இனி இது உங்க வேலை.”

“சரி பிள்ளை.”

இரண்டு நாள் யாரும் ஆயாததால் ஞாயிறு காலை பாத்தி நிறைய நீலம். ஜோசபின் பீடத்துக்கு வேண்டியதை வெட்டி வாளியில் வைத்தார். ஒரு செடியை மட்டும் தொடாமல் விட்டிருந்தார். கதிர்காமநாதன் தன் வாசலிலேயே நின்றார்.

“அதில மூண்டு எடுக்கட்டோ பிள்ளை?”

“அஞ்சா எடுங்க,” என்று சொல்லிவிட்டு ஜோசபின் காரில் ஏறினார்.