மூன்றாவது ஆள்

"பெட்டி தொலைஞ்சா காசு தருவாங்களாம். அதை முதல்ல எடுத்துடச் சொல்லுங்க மாப்பிள்ளை. என் பெட்டியை எவன் தூக்கிட்டுப் போவான்? தூக்கினவனே திறந்து பார்த்துட்டு, பாவப்பட்டு மேல ரெண்டு புடவை வச்சுத் திருப்பித் தருவான்."

மாமியார் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மேசையில் கிடந்த தாளின் மேல் ஆள்காட்டி விரலை ஊன்றியிருந்தார். பள்ளிச் சீருடை தைத்துத் தைத்தே காய்த்துப்போன விரல். ஒரு துணியை விரித்து எங்கே வெட்டினால் எவ்வளவு மிச்சம் வரும் என்று பார்க்கிற அதே பார்வையோடு அந்தக் காப்பீட்டுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு நல்ல ஜலதோஷம். ஒவ்வொரு கேள்விக்கும் கைக்குட்டையால் மூக்கை அழுத்திவிட்டுத்தான் பதில் சொன்னாள். மாமனார் பக்கத்து நாற்காலியில், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருப்பதுபோல் முதுகை நிமிர்த்தி, கண்ணாடிச் சுவருக்கு வெளியே தெரிந்த சாலையைக் கவனித்துக்கொண்டிருந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். யாராவது சட்டென்று குறுக்கே திரும்பினால், மேசைக்கு அடியில் அவர் வலது கால் தரையை மிதிக்கும். இருவருக்கும் பின்னால் அவன் நின்றுகொண்டிருந்தான்.

அவர்களுடைய சின்ன மகளுக்குக் கல்யாணம். வேலைபார்க்கும் நாட்டிலேயே, பதிவு அலுவலகத்தில். பெற்றவர்கள் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. விசாவுக்குப் பயணக் காப்பீடு வேண்டும் என்றார்கள். டிக்கெட் போட்டுத் தந்தவர் அதையும் சேர்த்து ஒரு தொகை சொன்னபோது, மாமியார், "இந்தக் காசுக்கு இன்னொரு மெஷின் வாங்கிப் போடுவேன்" என்று எழுந்து வந்துவிட்டார். இடையில் ஆள் இல்லாமல் நிறுவனத்திலேயே வாங்கினால் குறையும் என்று அவன்தான் இங்கே கூட்டிவந்தான். அவன் வேலை அவ்வளவுதான். கல்யாணத்துக்கு அவன் போகப்போவதில்லை. லீவு கிடைக்காது என்று சொல்லியிருந்தான். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில், லீவு எடுத்துக்கொள் என்று அவன் மேலதிகாரி மாதா மாதம் சொல்லிக்கொண்டிருந்ததும், அவன்தான் வேண்டாம் என்று புட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்ததும் இவர்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை.

"பெட்டியை எடுத்துடலாம்மா, அடிப்படைத் திட்டத்துல அது வராது" என்றாள் அந்தப் பெண். "விமானம் தாமதமானா தர்றதும் வராது."

"தாமதமானா உட்கார்ந்திருப்போம். வீட்ல மட்டும் என்ன ஓடிக்கிட்டா இருக்கோம்? இது என்னது, உலகம் முழுக்கன்னு போட்டிருக்கு?"

"எந்த நாட்டுக்குப் போனாலும் செல்லும்."

"நாங்க போறது ஒரே ஊரும்மா. உலகம் முழுக்க எதுக்கு?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். வைத்தியச் செலவு அதிகமான சில நாடுகளை நீக்கினாலே தொகை நன்றாக இறங்கும் என்று தட்டிக் காட்டினாள். இறங்கியது. மாமியாருக்கு ருசி கண்டுவிட்டது. விரல் அடுத்த வரிக்குப் போனது.

"விமானக் கடத்தலா? கடத்தினா காசு யாருக்கு, நமக்கா கடத்தினவனுக்கா?"

"நமக்குத்தான்மா."

"அப்ப இருக்கட்டும்."

"அது இலவசம்தான்" என்றாள் அந்தப் பெண்.

அடுத்ததை அவன் விளக்கினான். வைத்தியச் செலவில் முதல் கொஞ்சத்தை நாமே போட்டுக்கொள்வதாக ஒப்புக்கொண்டால் பிரீமியம் குறையும். அதற்கு மேல் வருவது அவர்கள் பாடு. அவன் பாதி சொல்லும்போதே மாமியார் தலையை ஆட்டினார். "புரியுது. சின்னக் கிழிசலை நாமளே தச்சுக்கணும். துணியே போச்சுன்னாதான் அவங்க. நியாயம்தான். அப்படியே போடும்மா."

விரல் மெல்லக் கீழே இறங்கியது. உடலைத் தாயகம் கொண்டுவரும் செலவு என்றிருந்த வரியின் மேல் அது வந்ததை அவன் பார்த்தான். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பேரம் வைத்திருந்தவர் அந்த வரியில் நிற்கவில்லை. கேட்கவும் இல்லை. கல்லைத் தாண்டுகிற மாதிரி விரல் தாண்டிப் போனது. அவன் மூச்சு விட்டான். இந்த ஒரு வருடத்தில் இப்படி எத்தனை இடங்களை அவனுக்காகத் தாண்டிப் போயிருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லோரும் வந்து ஆறுதல் சொன்னார்கள். சின்ன வயசு, காலம் இருக்கிறது, காலம் மாற்றும் என்றார்கள். சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். இவர்கள் எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார்கள். மாமியார் அவன் சட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு தொங்குகிற பித்தான்களைத் தைப்பார். தொங்காதவற்றையும் தைப்பார். மாமனார் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து, மடித்து வைத்து, "கிளம்பட்டுமா மாப்பிள்ளை" என்பார். மூத்த பெண்ணைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். ஆறுதல் அவன்தான் சொல்லியிருக்க வேண்டும். அவனுக்கு வாய் வரவில்லை. அதையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஏற்கெனவே ஏதாவது உடம்புக்கு?" என்று கேட்டாள் அந்தப் பெண். "சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம்?"

"ஒண்ணும் கிடையாது" என்றார் மாமியார், கேள்வி முடிவதற்குள்.

"மாமாவுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு" என்றான் அவன்.

மாமியார் திரும்பி அவனைப் பார்த்தார். "அது வச்சுக் காலமாச்சு மாப்பிள்ளை. இப்ப மாடிப்படி என்ன, மலையே ஏறுவார். வாயைக் கொடுத்து எதுக்கு மாட்டிக்கணும்? சொன்னா ஏறும்."

"ஏறும் அத்தை. சொல்லாம விட்டா, அங்க ஒண்ணுன்னா கையை விரிச்சுடுவாங்க. கட்டின காசும் போச்சு."

அவன் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவனுக்கே அது புதிதாக இருந்தது. கல்யாணமான புதிதில் மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பம் நிரப்பும்போது அவன் மனைவி ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டே போனாள். சிறு வயதில் வந்த மூச்சிரைப்பு, எப்போதோ முறிந்த மணிக்கட்டு, எல்லாம். "சுயசரிதையா எழுதறே?" என்று அவன் கேலி செய்தான். "நீ சிரி. நாளைக்கு அவன் சிரிக்கக் கூடாதில்ல?" என்றாள். அவளை மருத்துவமனையில் போட்டிருந்தபோது நிறுவனம் பழையதை எல்லாம் கிளறியது. அந்த மூச்சிரைப்பைத்தான் முதலில் பிடித்தது. அவள் கையெழுத்தில் அது இருந்தது. முழுச் செலவையும் கொடுத்தார்கள். அவளைக் கொடுக்கவில்லை, அது அவர்கள் கையில் இல்லை. ஆனால் பிறகு வந்த நாட்களில் யாரிடமும் போய் நிற்காமல், கதவைச் சாத்திக்கொண்டு சும்மா படுத்திருக்க அவனால் முடிந்தது. அது அவள் செய்துவிட்டுப் போனது. அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று சில சமயம் தோன்றும். எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிடுவான்.

மாமனார் சாலையிலிருந்து கண்ணை எடுத்தார். "பிரேக் சரியில்லைன்னா டிப்போல சொல்லிட்டுத்தான் வண்டியை எடுக்கணும். சொல்லாம எடுத்துட்டு, மோதின பிறகு சொன்னா எவன் கேப்பான்? எழுதிக்கம்மா. நெஞ்சு என்னுது, நான் சொல்றேன்."

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். தொகை ஏறியது. இதுவரை வெட்டி வெட்டி இறக்கியதில் பாதிக்கு மேல் மறுபடி ஏறிக்கொண்டது. மாமியார் அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து, கர்ச்சீப்பை எடுத்து, முகத்தைத் துடைத்து, மறுபடி உள்ளே வைத்தார். கடையில் கிளம்புவதுபோல் நாலடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து கடைசி விலை கேட்பாரே, அப்போது வருகிற முகம் வந்துவிட்டது.

"ஏம்மா, மூணு பேராச் சேர்த்து எடுத்தா குறையுமாமே?"

"மூணாவது யாரும்மா?"

"இதோ, பின்னால நிக்கிறாரே."

அவனுக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. காலையில் போனில், "உங்க பாஸ்போர்ட்டையும் எடுத்துட்டு வாங்க, கூட வர்றவங்களும் காட்டணுமாம்" என்று சொல்லியிருந்தார். கொண்டுவந்திருந்தான். சொன்னதைச் செய்வது எளிதாகவும், ஏன் என்று கேட்பது பாரமாகவும் இருந்த காலம் அவனுக்கு. இப்போது சட்டைப்பையில் அது கனத்தது.

"அத்தை, நான் வரலையே. லீவு..."

"வரச் சொல்லலையே. குறையுமான்னு கேக்கறேன். கேட்டா காசா பணமா?"

"டிக்கெட்டுக்கு எவ்வளவு ஆகும்? அதுல இது எந்த மூலைக்கு?"

"டிக்கெட்டைப் பத்தி இப்ப யாரு பேசினா? ஒண்ணொண்ணா வருவோம்."

மாமனார் மீசைக்குள் சிரித்த மாதிரி இருந்தது. மறுபடி சாலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

"குடும்பத் திட்டம் இருக்கு" என்று அந்தப் பெண் கணினியில் எதையோ தேடினாள். "சார் உங்களுக்கு என்ன உறவு? பையனா?"

"மருமகன்."

"அப்ப உங்க மகளும் வர்றாங்களா?"

எந்த வரிக்கும் பதில் வைத்திருந்த மாமியார் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைக்கத் தொடங்கினார். அவன் தரையைப் பார்த்தான். பளிங்குத் தரையில் நாற்காலிச் சக்கரம் இழுத்த கோடுகள். பதில் மாமனாரிடமிருந்து வந்தது.

"அவ இல்லம்மா. இவர் இருக்கார்."

அந்தப் பெண்ணின் கை கைக்குட்டையோடு மூக்குக்குப் பாதி வழியில் நின்றது. மன்னிப்புக் கேட்கப்போகிறாள், வருத்தம் சொல்லப்போகிறாள், அதற்குத் தலையாட்ட வேண்டும் என்று அவன் தயாரானான். அவள் அதைச் செய்யவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தடித்த விதிப் புத்தகத்தை எடுத்தாள். குடும்பம் என்றால் யார் யார் என்ற பக்கத்தைத் திருப்பி, வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தாள். காப்பீடு எடுப்பவர், அவர் மனைவி, பிள்ளைகள், பெற்றோர், மனைவியின் பெற்றோர். இன்னொரு தடவை படித்தாள். பின்பக்கத்துச் சின்ன எழுத்துகளையும் பார்த்தாள்.

"வரும் சார்" என்றாள். "பாலிசி உங்க பேர்ல எடுக்கணும். மனைவியோட அப்பா அம்மாவைச் சேர்த்துக்கலாம்னு இருக்கு. மனைவியும் கூட வரணும்னு எங்கயும் போடல."

யாரோ, எந்த ஊரிலோ, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்த வரி. அவனை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த முகம் தெரியாதவர் மேல் அவனுக்குச் சொல்ல முடியாத ஒரு நன்றி வந்தது. ஒரு வருடமாக உணர்ச்சி என்று எதுவும் ஒழுங்காக வராமல் இருந்தவனுக்கு, முதலில் வந்தது போயும் போயும் ஒரு விதிப் புத்தகத்தின் மேல்.

அந்தப் பெண் கணக்குப் போட்டாள். போட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "ஆனா குறையலைம்மா. நீங்க ரெண்டு பேரே குடும்பம்தானே, அந்தச் சலுகையை நான் முதல்லயே கொடுத்துட்டேன். வயசுல பெரியவரை வச்சுத்தான் கணக்கு. சார் சேர்ந்தா இன்னும் கொஞ்சம் கூடுது."

மாமியாரின் பேரங்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். நூல் கடைக்காரர் அவர் வருவது தெரிந்தால் பின் அறைக்குப் போய்விடுவார் என்று அவன் மனைவி சொல்லிச் சிரிப்பாள். சொன்ன விலைக்கு அவர் எதையும் வாங்கியதில்லை. விலை கூடுகிறது என்று ஒருவர் சொல்லி, அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்ததும் இல்லை.

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"கூடட்டும்" என்றார்.

அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக உட்கார்ந்திருந்தார். தையல் மெஷினுக்கு வருஷக்கணக்காகக் குனிந்த முதுகு, நிமிர்ந்தும் முழுதாக நிமிரவில்லை. பின் கழுத்தில் ஒரு நூல் துணுக்கு, நீல நிறத்தில், ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. எடுத்தான். அவர் அசையவில்லை.

"சின்னவ தினம் கேக்கறா" என்றார் மாமனார், சாலையிடம் சொல்வதுபோல. "அத்தான் வரலைன்னா கையெழுத்துப் போட மாட்டாளாம். அங்க சாட்சிக்கு ரெண்டு பேரு வேணுமாம். எனக்கு இங்கிலீஷ்ல அவன் என்ன கேப்பான்னு பயமா இருக்கு."

"சாட்சிக்கு அங்க எத்தனையோ பேர் கிடைப்பாங்க மாமா."

"கிடைப்பாங்க" என்றார் மாமனார். "ரோட்டுல போறவனைக் கூப்பிட்டாக்கூட வருவான்."

அந்தப் பெண் இவர்களை மாறி மாறிப் பார்த்தாள். "பேரைச் சேர்த்து வைக்கிறேன் சார். கிளம்பறதுக்கு முன்னாடி எப்ப வேணும்னாலும் எடுத்துடலாம், உங்க பங்குப் பணம் திரும்பி வந்துடும். லீவு கிடைச்சா போங்க."

அவன் பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தான். வரமாட்டேன் என்று சொல்வதற்கும் அதை வைப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்கே தெரியவில்லை. அந்தப் பெண் எண்களைத் தட்டினாள். பிறகு திரையை அவர்கள் பக்கம் கொஞ்சம் திருப்பினாள். கட்டம் கட்டமாக ஒரு மாதத்து நாள்காட்டி விரிந்தது.

"அம்மாவும் ஐயாவும் மாசக் கடைசியில திரும்பறாங்க. உங்களுக்கு எந்தத் தேதி சார்? நாள் குறைஞ்சா உங்க பங்கும் குறையும்."

நாள் குறைந்தால் குறையும் என்பதைக் கேட்டும் மாமியார் வாய் திறக்கவில்லை. மாமனாரும் சாலையை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார். அந்தப் பெண் அம்புக்குறியைக் கல்யாண நாளின் மேல் கொண்டுபோய் வைத்தாள்.

"மறுநாளே கிளம்பறீங்களா?" என்று ஒரு கட்டம் தள்ளினாள். "இல்ல, ரெண்டு நாள் கழிச்சா? நிறுத்தச் சொல்லுங்க சார், நிறுத்தறேன்."

அவன் நாற்காலிகளுக்கு நடுவே குனிந்து, மேசை விளிம்பில் கையை ஊன்றினான். அம்புக்குறி ஒரு கட்டம் நகர்ந்தது. நின்றது. அடுத்த கட்டத்துக்குப் போனது. வரிசை முடிந்து, கீழ் வரிசையின் முதல் கட்டத்துக்கு இறங்கியது. தும்மல் வருகிறதுபோல் அந்தப் பெண் முகத்தைச் சுளித்து, அடக்கிக்கொண்டு, மறுபடி நகர்த்தினாள். அவன் இன்னும் நிறுத்தச் சொல்லவில்லை.