கடைசியாகத் தூக்க வேண்டிய கை

மூன்று ஐம்பத்து மூன்று, ஆனால் சுவர்க் கடிகாரத்தில் நான்கு, முதலாளி காலத்தில் ஏழு நிமிடம் முந்தி வைத்தது, ஆட்கள் நேரத்துக்கு முன்பே வரவேண்டும் என்று, அவர் சலவைக்கூடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி மூன்று வருடம் ஆகிறது, கூடம் எங்கள் இருபத்தொரு பேருடைய கூட்டுறவாகிவிட்டது, கடிகாரம் மட்டும் இன்னும் அவருக்கு உழைக்கிறது... அதைத் திருத்துவது பற்றி இரண்டு கூட்டம் பேசினோம், பழகிவிட்டது, இருக்கட்டும் என்றார்கள், நானும் விட்டுவிட்டேன். இந்த மாதம் நான் தலைவர். மாதம் ஒருவர், சீட்டுக் குலுக்கி. தலைவர் என்றால் நாற்காலி கிடையாது, துணிக்கட்டுகளின் மேல் எல்லோரும் உட்கார்ந்திருக்க நான் மட்டும் நிற்கவேண்டும், அப்புறம் கடைசியாகக் கை தூக்கவேண்டும். தலைவரின் கையைப் பார்த்து மற்றவர்கள் தூக்கிவிடக் கூடாது என்பதற்காக அந்த விதி. ரகசிய வாக்கு வேண்டாம், நமக்குள் ஒளிக்க என்ன இருக்கிறது, யாரும் ஒதுங்கிக்கொள்ளவும் கூடாது... எழுதியது நான்தான். எல்லோரும் எல்லா வேலையும் செய்வது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுவது, அதுவும் நான்தான். அரசாங்கமே ஒருநாள் இப்படி நடக்கும் என்றேன், ஒவ்வொரு ஆலையும், ஒவ்வொரு அலுவலகமும், உத்தரவு போடுகிறவனும் முறை வந்தால் கழிவறை கழுவுவான் என்றேன். அன்று பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. காய்ச்சல் போல உடம்பெல்லாம் சூடு, சந்தோஷம்.

பாய்லர் அண்ணன் எழுந்து நிற்கிறார், தீர்மானம் அவருடையது. "இந்த மாத்தி மாத்திப் பாக்குறது போதும்னு சொல்றேன், வேற ஒண்ணுமில்ல. போன முறை மடிக்கிறவரு பாய்லர்ல நின்னாரு, தண்ணி விட மறந்துட்டாரு. நல்ல காலம், யாரும் சாகல." மடிக்கிறவர், "ஒரு தடவைதானே அண்ணே," என்கிறார். "ரெண்டாவது தடவை மறக்க நீ இருக்கமாட்டடா," என்கிறார் அண்ணன். சிரிப்பு. கெட்ட மனிதர் இல்லை, சொல்வதும் பொய் இல்லை, அதுதான் கஷ்டம். "பழகினவங்க பழகின வேலையப் பாக்கட்டும்." இந்த வாக்கியத்தை எங்கே கேட்டேன்... முதலாளிதான், இதே இடத்தில் நின்று, இதே நிதானத்தோடு. பழகினவர்கள் என்றால் யார் என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். பிரிப்பறை. ஆஸ்பத்திரியிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை அங்கேதான் கையால் உதறிப் பிரிக்கவேண்டும், ரத்தம் ஒரு பக்கம், மற்றது ஒரு பக்கம், நடுவில் ஊசி இருக்கும், ஒருமுறை பல்செட் இருந்தது. முதலாளி காலத்தில் பதினொரு வருடம் சின்னக்காவும் அவருடைய ஓரகத்தியும் மட்டும் அங்கே. விதி வந்தபிறகுதான் அவர்கள் அடுத்த அறைகளைப் பார்த்தார்கள். இப்போது சின்னக்காவுக்கு, கூட்டம் நடக்கும் இந்த மடிப்பறையில், ஜன்னல் ஓரம், மதியம் வெயில் விழும், அதில் முதுகைக் காட்டிக்கொண்டு மடிப்பார். தீர்மானம் ஜெயித்தால் இருவரும் திரும்பப் பிரிப்பறைக்கு, இனி எப்போதைக்கும். தோற்றால் வேலை மாறும் முறைப்படி திங்கட்கிழமை முதல் பிரிப்பறையில் நான்.

மூன்று வருடத்தில் எனக்கு அந்த முறை வரவே இல்லை, எப்படி வராமல் போனது? முதல் வருடம் பதிவுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன், சரி. அப்புறம் இடுப்பு வலி. அப்புறம்... அப்புறம் ஒன்றும் இல்லை, யாரும் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. போன மாதம் ஒரே ஒரு நாள், ஆள் வராததால் போனேன், மூன்றாவது மூட்டை, விரிப்பு கனமாக இருந்தது, உதறினேன்... சாக்கடை ஓரம் குனிந்து நின்றபோது முதுகில் ஒரு கை. சின்னக்கா. தண்ணீர் ஊற்றினார். "தம்பி, மொதல்ல உன் மூக்குக்குப் புரியவெச்சுட்டு அப்புறம் ஊருக்குச் சொல்லியிருக்கலாம்." நீ ஜன்னல் பக்கம் போய் நில்லு என்று சொல்லிவிட்டு மிச்ச மூட்டைகளை அவரே பிரித்தார். யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து வீட்டில் சோறு இறங்கவில்லை, கையை மூன்று தரம் சோப்புப் போட்டும் முகர்ந்துகொண்டே இருந்தேன், மனைவி, "கையில ஒண்ணும் இல்ல, தின்னு," என்றாள்.

பரவாயில்லை, கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கிறேன். ஆதரவு ஒன்பது, எதிர்ப்பு பதினொன்று, அதில் சின்னக்காவும் ஓரகத்தியும் இரண்டு பேர், தங்கள் தலையில் தாங்களே மண்ணைப் போட்டுக்கொள்வார்களா... என் கை வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், நான் எதிர்த்துத் தூக்கலாம், நிமிர்ந்து தூக்கலாம், யோசிக்கவேண்டியதே இல்லை. திங்கட்கிழமை? திங்கட்கிழமையைத் திங்கட்கிழமை பார்க்கலாம். ஆதரிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்கிறேன். ஏழு, எட்டு, மடிக்கிறவர் தலையைக் குனிந்துகொண்டு ஒன்பது. பாய்லர் அண்ணன் என்னைப் பார்க்கிறார், இல்லை, எனக்குப் பின்னால் பார்க்கிறார். பத்து. ஜன்னல் ஓரம், வெயிலுக்குள், சின்னக்காவின் கை.

"அக்கா, இது ஆதரவுக்கு," என்கிறேன், தலைவர் அப்படிச் சொல்லக்கூடாது. "தெரியும்பா, நான் என்ன தூங்கிக்கிட்டா இருக்கேன்? தம்பியால முடியாது, விடுங்க. எனக்குப் பழக்கம்தான்." கூடம் சிரிக்கிறது, அன்பாகத்தான் சிரிக்கிறது. எனக்குக் காது மடல் எரிகிறது, ஆனால் அதற்கும் கீழே, வயிற்றுக்குள், ஏதோ ஒன்று அவிழ்கிறது, லேசாகிறது, மூச்சு நன்றாக வருகிறது... இது என்ன, நிம்மதியா? இவ்வளவு சீக்கிரமா? எதிர்ப்பவர்கள் என்று கேட்கிறேன், எண்ணுகிறேன், மறுபடி எண்ணுகிறேன், பத்து. பத்துக்குப் பத்து. கைகள் இறங்குகின்றன, எல்லோரும் என் கைகளைப் பார்க்கிறார்கள். சட்டைப்பையில் வலது கை எப்போது போனது... ஒதுங்கக்கூடாது, ஒளிக்கக்கூடாது, கடைசியாகத் தூக்கவேண்டும், ஒவ்வொரு கதவையும் நானே அளவெடுத்து அடைத்திருக்கிறேன். கடிகாரத்தில் நான்கு பதினாறு, அதாவது நான்கு ஒன்பது. எதிர்த்துத் தூக்கிய கைகளில் ஒன்று இன்னும் இறங்கவில்லை. ஓரகத்தி. மூன்று வருடத்தில் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசாதவர், சின்னக்காவைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அண்ணே, அக்கா உங்களுக்காகத் தூக்கிட்டாங்க. எனக்கு யாரு தூக்குவா?"