கூடைக்கு முதுகு

இந்தச் சானே என் ஆட்டத்தை இவ்வளவு புகழ்கிறானே, நான் கூடையைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை என்று சொன்னால் நம்புவானா? தட்டின் மேல் குனிந்தபடி தெனிங் நினைத்துக்கொண்டாள். பதினெட்டு வருஷம் கூடைப்பந்தில் சென்டராக ஆடியவள். எதிராளியின் முழங்கை விலாவில் இடிக்க இடிக்க, கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதுதான் வேலை. அப்படி நிற்பவளுக்குக் கண்ணில் படுவது பந்தை வைத்திருப்பவளின் முகம். இந்த ஊரில் ஆடிய நாட்களில் அது சுகெய்னாவின் முகம்.

அந்த முகம் இப்போது தட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. மூவரும் ஒரே தட்டில் மீன்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுகெய்னா மீனைப் பிட்டுப் பிட்டு விருந்தாளியான சானே பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அவனுக்கு எதுக்கு இவ்வளவு? என் அடிமை அவன். முள்ளைப் போட்டா போதும்" என்றாள் தெனிங்.

"கம்பங்கூழ் குடிச்சே ரெண்டு மீட்டர் வளர்ந்தவ பேசறதைப் பாருங்கக்கா," என்றான் சானே. "எங்க தாத்தா இவளை வித்தப்ப ஒரு குடம் கள்ளுதான் கிடைச்சுதாம்."

"அதுவும் புளிச்ச கள்ளா இருந்திருக்கும்" என்றாள் சுகெய்னா.

தெனிங் செரேர் இனம், சானே ஜோலா இனம். இரண்டு கூட்டத்துக்கும் ஒருவரையொருவர் அடிமை என்று சீண்டிக்கொள்ளும் கேலி முறை உண்டு. என்ன சொன்னாலும் கோபிக்கக் கூடாது. கேட்டதை இல்லை என்பதும் அழகில்லை. அது தெரிந்துதான் தலைநகர் டக்கரின் பெரிய கிளப் அவனை இந்தத் தியெஸ் ஊருக்கு அனுப்பியிருந்தது.

சோறு பாதி குறைந்ததும் அவன் விஷயத்துக்கு வந்தான். பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். கண்ட அளவிலான போட்டிகள், சொந்த அரங்கம். சுகெய்னாவை உதவிக்கு வைத்துக்கொண்டு இந்த ஊர் அணிக்குப் பயிற்சி கொடுத்த ஆறு வருஷமும் தெனிங் மனசுக்குள் ஆசைப்பட்ட வேலை.

"உதவிக்கு ஒரு பொண்ணை எடுத்தாச்சு. பிரான்ஸ்ல படிச்சவ. சுகெய்னா அக்காகிட்ட சான்றிதழ் எதுவும் இல்லையே. அது ஒண்ணுதான் சிக்கல்."

சுகெய்னாவின் விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு ஒரு துண்டு மீன் தெனிங் பக்கம் வந்தது.

"போடி நெட்டச்சி. இதுல யோசிக்க என்ன இருக்கு? என் முட்டியை வச்சுக்கிட்டு தினம் டக்கருக்கு பஸ் ஏற முடியுமா?"

பொய். நேற்றைய ஆட்டத்தில்கூட அந்த முட்டியோடு பெஞ்சில் தெனிங் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அணியில் ஒரு பெண் களைத்துவிட்டால் சுகெய்னா பல்லிடுக்கில் காற்றை ஒருதரம் உறிஞ்சுவாள். எதிரணி வலை விரிக்கிறதென்றால் இரண்டு தரம். அதைக் கேட்டுத் தெனிங் ஆட்டத்தை நிறுத்துவாள். பத்திரிகைக்காரர்கள் அதைத் தெனிங்குடைய கணிப்பு என்று எழுதுவார்கள்.

இவள் இல்லாமல் என்னால் முடியாதென்ற பயமா இது? தன்னையே கேட்டுப் பார்த்தாள். ஸ்பெயினில் பதினோரு வருஷம் இவள் இல்லாமல்தான் ஆடினாள். அங்கே கையைத் தூக்கிப் பந்து கேட்டாள், கிடைத்தது, கூடையில் போட்டாள். முடிந்தது. இங்கே மட்டும்தான், கையைத் தூக்கும் முன்பே பந்து கையில் இருக்கும். முடியும் என்று தெரிந்தது பெரிய நிம்மதியாக இருந்தது. இனி எதைச் சொன்னாலும் அது பயத்தில் சொன்னதாகாது.

அந்த வேலைமேல் ஆசை போய்விடவில்லை. அரங்கத்தின் பளபளப்பான மரத்தரைகூடக் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் தன் வாழ்க்கையில் நல்லது என்று எண்ணிப் பார்க்கும் எதிலும், அதைக் கொடுத்த இன்னொருவர் கை இருந்தது; இங்கே அது சுகெய்னாவின் கை. அதை நினைக்க நெஞ்சு நிறைந்தது.

"உன் அடிமை வாய்விட்டுக் கேக்கறேன்," என்றான் சானே சிரித்துக்கொண்டே. "மறுத்தா ஊர் சிரிக்கும், தெரியுமில்ல?"

சுகெய்னா தலை நிமிரவில்லை. தெனிங் கையைக் கழுவிக்கொண்டு, துண்டில் துடைத்தாள்.

"என்னை நினைச்சாங்களே, அதுக்கு ரொம்ப நன்றின்னு சொல்லு, சானே," என்றாள் மெதுவாக. "நான் வரலை."