அறுநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள்

அக்காவுக்கு நன்றாக எழுத வரும். அதுதான் வினையாகப் போயிற்று.

சுற்றுச்சூழல் துறையில் தபால் பிரிவு அவள் பொறுப்பு. புதிய காலநிலைச் சட்டத்தின் வரைவு பற்றி மக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அரசு அறிவித்ததும், வருகிற கடிதங்களைப் பிரித்து, ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்று அட்டவணை போடும் வேலையும் அவள் தலையில் விழுந்தது. சட்டத்தில் எத்தனையோ பிரிவுகள். அவள் மனதில் தைத்தது ஒன்றுதான்: வெயில் அளவு மீறும் நாட்களில் மதியம் வெளிவேலையை நிறுத்த வேண்டும், கூலியைப் பிடிக்கக் கூடாது. அவள் தம்பி தார் ரோடு போடுகிறவன். மேலே வெயில், காலடியில் கொதிக்கும் தார். போன கோடையில் அவன் கண்ணெதிரே கூட்டாளி ஒருவன் சுருண்டு விழுந்தான். எழுந்திருக்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் உட்கார்ந்து, அந்தப் பிரிவை ஆதரித்து நறுக்குத் தெறித்தாற்போல் ஒரு கடிதம் எழுதித் தம்பியிடம் நீட்டினாள்.

"ஆளுக்கொரு விதமா எழுதி மானத்தை வாங்காதீங்கடா. இதை அப்படியே பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லு."

புறவழிச்சாலை வேலையில் இருந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பேர், இடுப்பொடிய வேலை பார்த்துவிட்டு வந்து, தார் போகாத விரல்களால் எழுத்துக்கூட்டி எழுதினார்கள். ஒருவன் பேனா பிடித்துப் பதினைந்து வருஷமாம்.

கடைசி நாளன்று டை கட்டிய ஒருவன் ஒரு பையைக் கொண்டுவந்து மேஜைமேல் கவிழ்த்தான். முப்பத்தெட்டுக் கடிதங்கள். சிமெண்ட், நிலக்கரி, ரோடு, ஓட்டல் என்று முப்பத்தெட்டுக் கம்பெனிகள், முதலாளி ஒருவர்தான். முப்பத்தெட்டும் அந்தப் பிரிவுக்கு எதிர்ப்பு; அதைப் பற்றி வேறு யாரும் எழுதவில்லை. "எல்லாத்துக்கும் சீல் போட்டுக் குடுத்துடுங்க மேடம்" என்று பல்லைக் காட்டினான். போட்டுக் கொடுத்தாள். முப்பத்தெட்டு எந்த மூலைக்கு என்ற மிதப்பு.

மறுநாள் அதிகாரி அட்டவணையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரே வாசகமா இருந்தா எல்லாம் சேர்த்து ஒரு கடிதம்தாம்மா. சுற்றறிக்கை பார்க்கலையா? ஆதரவு ஒண்ணு, எதிர்ப்பு முப்பத்தெட்டுன்னு மாத்துங்க."

"சார், அந்த முப்பத்தெட்டும் ஒரே பையில வந்துச்சு. முதலாளியும் ஒரே ஆளு."

"வார்த்தை வேற வேறயா இருக்குல்ல?"

"வக்கீலை வெச்சு எழுதியிருக்கான், இருக்காதா பின்னே? ரோடு போடுறவன் வக்கீலுக்கு எங்க சார் போவான்?"

சுற்றறிக்கையை வாங்கிப் பார்த்தாள். கீழே மந்திரியின் கையெழுத்து. ஓட்டுக் கேட்டு வந்தபோது "உங்க வெயில் என் வெயில்" என்று உருகிய அதே மகராசன். வெயிலாம் வெயில்! கார்க் கண்ணாடியை இறக்கவே யோசிக்கிற ஜென்மம். அவர் பேச்சை நம்பி வீடு வீடாக அலைந்தவன் தம்பி. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதைவிட, அப்படியே பார்த்து எழுதச் சொன்ன தன்மேல் வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"வேண்டாம்மா" என்று அதிகாரி பேனாவைத் திறந்து தானே போட்டுக்கொண்டார். அந்த வார முடிவில் அந்தப் பிரிவே சட்டத்தில் இல்லை.

விஷயத்தைச் சொல்லத் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் காலில் இருந்த தாரை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நம்ம லெட்டர் மொத்தம் எத்தனைக்கா?"

"ஒண்ணு."

அவன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "அறுநூறு பேரும் ஒரே ஆளாமா?"

"என்னாலதான்டா. நான்தான் கெடுத்தேன்."

"சும்மா இரு அக்கா" என்றவன், சட்டையை மாட்டிக்கொண்டு கூட்டாளிகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டான்.

மறுநாள் அக்கா லீவு போட்டுவிட்டுப் புறவழிச்சாலைக்குப் போனாள். தார் கொதித்துக்கொண்டிருந்தது. ரோட்டில் தம்பி மட்டும் மண்வெட்டியோடு தனியாக நின்றான். மேஸ்திரி தொண்டை கிழியக் கத்தினான்.

"எங்கடா மத்தவனெல்லாம்?"

"எல்லாரும் வந்தாச்சு" என்றான் தம்பி. "சந்தேகமா இருந்தா மந்திரிகிட்ட கேளுங்க."