வீட்டுக்கொடி

வண்டி வர இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. திராட்சைப் பந்தலுக்கு அடியில் பெட்டிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. மலையம்மாள் கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு வேல்பாண்டி முன்னால் வந்து நின்றாள். பன்னிரண்டு வருடமாக அவர் தோட்டத்தில் திராட்சை வெட்டுகிறவள். வேலை முடிந்தால் மற்றப் பெண்களோடு சேர்ந்து உதிரிப் பழத்தை முந்தானையில் அள்ளிக்கொண்டு போவாளே தவிர, இதுவரை வாய்விட்டு ஒன்றைக் கேட்டதில்லை.

"அண்ணே, இன்னைக்கு உதிரி வேணாம். ஒரு கொத்து குடுங்க போதும். வீட்டுக்கொடியில இருந்து."

வேல்பாண்டி சும்மா ஒருமுறை சிரித்துவைத்தார். "என்ன தாயி விசேசம்?"

"யுவராணி வந்திருக்கா. மூணாம் மாசம். சோத்தைக் கண்டாலே குமட்டுது. திராட்சைதான் கேக்குறா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போன தடவையும் மூணாம் மாசந்தாண்ணே கலஞ்சுச்சு. பழம் திங்கச் சொல்லி ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காக. அதுக்காக இதக் குடுக்க மனசு வரல."

'இது' என்றபோது அவள் பந்தலைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. செவ்வாய்க்கிழமை மருந்து அடித்தபோது டிரம்மில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவளே அவள்தான். இன்று வியாழன்.

வீட்டுக்கொடி என்பது மோட்டார் ரூமை ஒட்டி நின்ற இரண்டு கொடிகள். பந்தல் முழுக்க மருந்து அடித்துக்கொண்டு வருகிறவன் அங்கே வந்ததும் குழாயை மூடிவிடுவான். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடலூரில் வேல்பாண்டிக்குத் தெரிந்த தோட்டக்காரர்கள் பலரும் இப்படி ஒன்றிரண்டு கொடியை ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் தின்ன, சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்ப. பழம் சிறுத்து, குளவி கொட்டி, பார்க்க அழகில்லாமல் இருக்கும். ஆனால் பறித்த கையோடு வாயில் போடலாம். இதில் தப்பு இருக்கிறது என்று யாருக்கும் தோன்றியதில்லை. வேல்பாண்டிக்கும் தோன்றியதில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. ஏனென்றால் ஊரில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலையே அவருடையது.

நுகர்வோர் பாதுகாப்புக் குழுவின் செயலாளர் அவர். ஆறு வருடமாக வேறு யாரும் அந்தப் பதவிக்கு ஆசைப்படவில்லை. டீக்கடையில் உட்கார்ந்தால் டீத்தூளை ஈரக் காகிதத்தில் கொட்டி, சாயம் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். கடைக்காரர்கள் அவர் தலையைக் கண்டதும் பழைய பிஸ்கட் பாக்கெட்டுகளை உள்ளே தள்ளிவிடுவார்கள். பள்ளிக்கூடங்களுக்குப் போய், "கம்பெனிக்காரன் ஒங்கள ஏமாத்துறான்னா அதுக்கு நீங்க படிக்காததுதான் காரணம். அட்டையில எல்லாம் எழுதியிருக்கான்" என்று கண்ணாடியை உயர்த்திக்கொண்டு பேசுவார். பேச்சில் சூடு பறக்கும். வியாபாரிகள் என்றாலே அவருக்கு ஆகாது. தான் விவசாயி என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை.

மூன்று நாள் விடாமல் சாரல் அடித்ததில் இலையில் நோய் விழுந்துவிட்டது. மருந்து அடித்தே ஆகவேண்டியிருந்தது. பாட்டிலில் எழுதியிருந்ததை அவர் படிக்காமல் இல்லை. அடித்தபிறகு பதினைந்து நாள் வெட்டக்கூடாது என்று பொடி எழுத்தில் இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் கம்பத்து வியாபாரி நாகராஜ் போன் பண்ணினான். கேரளாவுக்குப் போகிற வண்டியில் இடமிருக்கிறது, நாளைக்கே வெட்டினால் எடுத்துக்கொள்கிறேன், விட்டால் அடுத்த சாரலுக்குப் பழம் வெடித்துவிடும், அப்புறம் என்னைக் குறை சொல்லாதீர்கள் என்றான். "எத்தன பெட்டி?" என்று கேட்டார் வேல்பாண்டி. மருந்து அடித்ததை நாகராஜும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் அது பழகிப்போன விஷயம். அதற்காக அவர் ஒரு வேளைச் சோற்றைக்கூடக் குறைத்துக்கொண்டதில்லை.

மலையம்மாளிடம் நடந்தது வேறு. வீட்டுக்கொடியில் மிச்சம் இருந்தது இரண்டே கொத்து. ஞாயிற்றுக்கிழமை தேனியிலிருந்து மகள் ஹேமாவதி வருகிறாள் என்று அவர் மனைவி சொர்ணலதா அந்த இரண்டையும் துணி கட்டி வைத்திருந்தாள். "இல்ல தாயி, மக வருது, அவளுக்குன்னு வச்சிருக்கு" என்று சொல்லியிருந்தால் மலையம்மாள் மறு பேச்சில்லாமல் திரும்பிப் போயிருப்பாள். இதைத்தான் பிற்பாடு அவரால் ஜீரணிக்க முடியவில்லை. உண்மையைச் சொல்லியே மறுத்திருக்கலாம். ஆனால் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒரு கொத்து பழம் இல்லை என்று சொன்னவர் என்கிற பெயர் வந்துவிடுமே. கையிலிருந்து ஒன்றும் போகாமல் நல்லவராக இருக்க வேண்டியிருந்தது அவருக்கு.

"இரு, பறிச்சுட்டு வாரேன்" என்றார்.

மோட்டார் ரூமுக்குப் பின்னால் நிழலுக்காக ஒதுக்கி வைத்த இரண்டு பெட்டிகள் இருந்தன. துணி கட்டிய கொத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து, பெட்டியின் மேல்தட்டில் இருந்து ஒரு கொத்தை எடுத்தார். கறுத்துத் திரண்டு, ஒரு சொத்தை இல்லாமல், இருப்பதிலேயே நல்ல கொத்தாகத்தான் எடுத்தார். அதைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

மலையம்மாள் இரண்டு கையாலும் வாங்கினாள். பேப்பரைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள். மூடினாள். "நல்லாருப்பீகண்ணே" என்று சொல்லிவிட்டுப் பெட்டி அடுக்கப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அவருக்கு எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் பொய். சாப்பிடும்போது சொர்ணலதா, "மலையம்மா மக வந்திருக்காளாமே, பாவம், இந்தத் தடவையாவது தங்கணும்" என்றாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு உம் கொட்டினார். ஒரு கொத்து பழத்தில் என்ன ஆகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உலகமே தின்கிறது. கழுவித்தானே தின்னுவாள் என்று நினைத்தபோதுதான் தட்டைத் தள்ளி வைத்தார். வீட்டுக்கொடிப் பழத்தை யாரும் கழுவித் தின்பதில்லை.

மறுநாள் காலையில் ஒரு பெண்கள் பள்ளியில் அவருக்குப் பேச்சு இருந்தது. ஏற்கெனவே ஒப்புக்கொண்டது. வழக்கம்போல பிஸ்கட் பாக்கெட்டைத் தூக்கிப் பிடித்து, தேதி எங்கே இருக்கிறது, எடை எங்கே இருக்கிறது என்று கேட்டார். பிள்ளைகள் கோரஸாகச் சொன்னார்கள். டீத்தூள் சாயம் காகிதத்தில் இறங்கியபோது கை தட்டினார்கள். கடைசியில் சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார். மூன்றாவது வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"சார், பாக்கெட்டுல தேதி இருக்கு. பழத்துல எதப் பாத்து வாங்கணும்?"

வேல்பாண்டி கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை மேசையில் வைத்தார். ஆறு வருடத்தில் எத்தனையோ கேள்வி வந்திருக்கிறது. இது வந்ததில்லை. டீச்சர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சவுக கிட்ட வாங்கணும்மா" என்றார்.

அந்தப் பெண் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். அதற்குமேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை. டீயும் பிஸ்கட்டும் தந்தார்கள், வேண்டாம் என்றுவிட்டு வண்டியை எடுத்தார். நேராகத் தோட்டத்துக்குப் போனார். சொர்ணலதா கட்டிய துணியை அவிழ்த்து, இரண்டில் பெரிய கொத்தைப் பறித்துத் தன் துண்டில் முடிந்துகொண்டார். வீட்டில் இதற்கு என்ன பதில் சொல்வது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது.

மலையம்மாள் வீடு ஜீப் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த தெருவில் கடைசி. யுவராணி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். கண் உள்ளே போயிருந்தது. இவரைப் பார்த்ததும் எழப்பார்த்தாள்.

"உக்காரு ஆத்தா. ஒடம்பு எப்பிடி இருக்கு? அம்மா எங்க?"

"பின்னால இருக்காக." பிறகு ஏதோ நினைவு வந்தவள்போலச் சிரித்தாள். "பழம் குடுத்து விட்டீகளாம்ல மாமா. எனக்குத்தான் குடுப்பினை இல்ல. புளிச்சுப் போச்சுன்னு அம்மா கொட்டிட்டாக."

வேல்பாண்டிக்கு மூச்சு வந்தது. பிறகுதான் யோசித்தார். நேற்றுப் பறித்த பன்னீர் திராட்சை எப்படி ஒரு ராத்திரியில் புளிக்கும். அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். மலையம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு எழுந்து நின்றாள்.

"மலையம்மா, நேத்து நான் குடுத்தது வீட்டுக்கொடி இல்ல."

"தெரியும்ணே."

அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சோப்பு நுரையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "வீட்டுக்கொடியில ஏதுண்ணே அம்புட்டுப் பெரிய பழம்? அதுவுமில்லாம நான் சீவுன கொத்து அது. வெடிச்ச பழம் நாலஞ்ச நாந்தான் காலையில கத்தரிச்சு எடுத்தேன். வெட்டுன காம்பு அப்பிடியே இருந்துச்சு. வீட்டுக்கொடியில யாரு கத்தரி போடுறா?"

எல்லாவற்றையும் யோசித்தவர் இதை யோசிக்கவில்லை. பெட்டியில் அடுக்குகிற கொத்தில்தான் சொத்தை பார்த்துக் கத்தரி போடுவார்கள். நல்லதாகக் கொடுப்போம் என்று தேடி எடுத்ததே அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டது. நேற்று அவள் பேப்பரை விலக்கிப் பார்த்து மூடியது இப்போது அவர் கண்முன் வந்தது. நல்லாயிருப்பீர்கள் என்று சொன்னதும் அதற்குப் பிறகுதான்.

"அங்கனயே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டு? அடுத்த வெட்டுக்கு என்னையக் கூப்புட ஒங்களுக்குச் சங்கட்டமா இருக்கும். எனக்கும் வரச் சங்கட்டமா இருக்கும்." புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "தெருவுல போட்டா பிள்ளைக எடுத்துத் தின்னுரும்னு குழி தோண்டி மூடிட்டேன்."

"கோவமா இருந்தா திட்டிரு தாயி."

"கோவப்பட என்ன இருக்கு. யாவாரம்னா அப்பிடித்தாண்ணே. பால்காரரு ஒரு மாதிரி, கடைக்காரரு ஒரு மாதிரி, நீங்க ஒரு மாதிரி. நான் மட்டும் என்ன? எங்கிட்டோ ஒரு பிள்ளத்தாச்சி அந்தப் பெட்டியில இருந்து எடுத்துத் திங்கத்தான் போறா. நானுந்தான சீவிச் சீவி அடுக்குனேன். அதுக்கு வருத்தப்பட்டேனா? எம் மகளுக்குன்னதும் மட்டும் வீட்டுக்கொடி கேட்டு வந்தேன்."

அவள் அவரைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. திட்டியிருந்தால், அவரிடம் எதையோ எதிர்பார்த்து ஏமாந்திருக்கிறாள் என்று ஆகியிருக்கும். அவள் ஏமாறவே இல்லை. இத்தனை வருடமும் அவரை எந்த வரிசையில் வைத்திருந்தாளோ அதே வரிசையில்தான் வைத்திருக்கிறாள். வேல்பாண்டிக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வந்துவிடுமோ என்றுகூடப் பயந்தார்.

முடிச்சை அவிழ்த்துக் கொத்தை நீட்டினார். "இது வீட்டுக்கொடி. சத்தியமா. மகளுக்குன்னு வச்சிருந்தது."

"எதுக்குண்ணே சத்தியமெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே மலையம்மாள் வாங்கிக்கொண்டாள். காம்பைப் பார்க்கவில்லை. அவருக்கு முன்னால் பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பாள். வாசலுக்குக் கொண்டுபோய் மகளிடம் காட்டினாள். சின்னப் பழங்கள், ஒன்றிரண்டில் குளவி கடித்த தழும்பு. யுவராணியின் முகம் மலர்ந்தது. இரண்டு நாள் பட்டினி கிடந்தவள் ஒரு பழத்தைக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள்.

மலையம்மாள் அந்தக் கையை மெல்லப் பிடித்தாள். "இரு. அம்மா கழுவித் தாறேன்."

"வீட்டுக்கொடிப் பழம்தானம்மா?"

"ஆமா, அதுதான். மாமாதான் பறிச்சுட்டு வந்திருக்காக. இருந்தாலும் ஒரு அலசு அலசிருவோம்."

மகளின் விரலில் இருந்த ஒற்றைப் பழத்தையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வேல்பாண்டி கையில் வெறும் துண்டோடு வாசலிலேயே நின்றார். உள்ளே கல் உப்பு பாத்திரத்தில் விழுந்தது. செம்பு குடத்தில் முங்கியது. தண்ணீர் கொட்டியது. யுவராணி மடியில் கையை விரித்து வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். செம்பு மறுபடியும் குடத்தில் முங்கியது.