கல்யாணக் குதிரை

பந்தய லாயங்களில் எல்லோரையும் அச்சுறுத்திய ஒரே சொல் வரி. நூறு ரூபாய் பந்தயம் கட்டினால், குதிரை ஓரடி எடுத்து வைக்கும் முன்பே இருபத்தெட்டு ரூபாய் அரசுக்குப் போயிற்று. பின்னர் அது நாற்பதாயிற்று. ஆட்டக்காரர்கள் கைப்பேசியில் கள்ளப் பந்தயத்துக்கு நழுவினார்கள். பரிசுத்தொகை வற்றியது. முதலாளிகள் ஒவ்வொருவராகக் குதிரைகளைக் கைகழுவினார்கள்.

செம்பி என்ற பந்தயக் குதிரையைத் தேய்த்து, நடத்தி, தீனி வைத்து வளர்த்தவர் சவுரிராயன். முன்னங்கால் நரம்பு கிழிந்த அந்தப் பெட்டைக்கு இனிச் செலவழிக்க முடியாது என்று முதலாளி சொன்னபோது, அடுத்தது கொன்றுபோடும் ஊசிதான் என்று அவருக்குப் புரிந்தது.

“நானே ஊருக்கு இட்டுக்கினு போறேங்க” என்றார்.

முதலாளி தலையசைத்தார். காசும் கேட்கவில்லை, காகிதமும் தரவில்லை.

கோலியனூருக்குப் புறப்பட்ட மினி லாரி திண்டிவனத்தில் தேநீருக்கு நின்றது. ஓட்டுநர் அப்பாதுரை அவருடைய தங்கை மகன். பின்பக்கம் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

“இன்னா மாமா, அத்தை ஒரு மாடு வாங்கியாரச் சொன்னா நீ குதிரையோட வர்ற. சோறு போடுமா ஊட்ல?”

“உனக்கே போடுறா. இதுக்குப் போடமாட்டாளா?”

“அது சரி, பந்தயத்துல ஓடச்சொல்ல கால் ஒடிஞ்சா இன்னா பண்ணுவீங்க?”

“சுத்தித் துணி புடிப்போம். ஜனங்க பாக்கக்கூடாதுல்ல.”

“அப்புறம்?”

சவுரிராயன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்குச் சற்று முன்பாக வரித்துறைப் பறக்கும் படை வண்டியை ஓரங்கட்டியது. சவுரிராயன் இறங்கிப் பின்பக்கம் போய் நின்றார். பந்தயக் குதிரை என்று தெரிந்தால் வரி கேட்பார்கள். கட்ட வழியில்லாவிட்டால் பிடித்து வைப்பார்கள். பிடித்து வைத்த குதிரைக்கு யார் தீனி போடுவார்கள்?

“யார் குதிரைங்க? பில் இருக்கா?” என்றார் இளம் அதிகாரி.

“கல்யாணக் குதிரை சார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போவுது” என்று முந்திக்கொண்டார் சவுரிராயன்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. “எங்க ஊர்லயும் மேளத்துக்கு ஆடும். இது ஆடுமா பெரியவரே?”

“ஆடும் சார்.”

“எங்க, எறக்குங்க பாப்போம்.”

மறுத்தால் பொய் வெளிப்பட்டுவிடும். நாலு அடி நடத்திக்காட்டி ஏற்றிவிடலாம் என்று சவுரிராயன் உள்ளே ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். மாடு ஏற்றிப் பழகிய அப்பாதுரை கொக்கியைத் தட்டி, பின்கதவை அப்படியே விழவிட்டான். இரும்பு தார்ச்சாலையில் மோதி அதிர்ந்தது.

பந்தயத்தின் தொடக்கத்தில் கூண்டுக் கதவுகள் திறக்கும் ஓசையும் அதுதான். செம்பிக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஓசையும் அதற்கப்பால் ஓடுவதும் மட்டுமே. கயிறு சவுரிராயனின் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போயிற்று. கழுத்தை நீட்டி, பூமி தொடாதவளைப் போல் அவள் பாய்ந்தாள். சாவடி வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் வாய்பிளந்து பார்த்தார்கள். அந்த ஓட்டத்தைக் கண்ட யாரும் அவளைக் கல்யாணக் குதிரை என்று நம்பியிருக்க மாட்டார்கள். கிழிந்த நரம்பு சாவடி வரைக்கும் தாங்கவில்லை. கால் ஒடிந்து மடங்கி, மார்பு தரையில் மோத விழுந்தாள்.

சவுரிராயனுக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்த அதிகாரி கேட்டார்: “பந்தயக் குதிரையா?”

“ஆமா சார். கால் போச்சுன்னு முதலாளி சும்மா குடுத்தாரு. வரி கேப்பீங்கன்னு பயந்து...”

“சும்மா குடுத்ததா?” அதிகாரியின் குரல் இறங்கியது. “வளர்க்கறதுக்குத்தானே கொண்டுபோறீங்க. அதுக்கு வரியே இல்லீங்களே. சொல்லியிருந்தா அப்பவே அனுப்பியிருப்பேன்.”

லாரிகளிலிருந்து இறங்கியவர்கள் கைப்பேசிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நெருங்கினார்கள். சவுரிராயன் இடுப்பு வேட்டியை உருவி, ஒரு முனையை அப்பாதுரையிடம் கொடுத்தார்.

“புட்றா. நல்லா ஒசத்திப் புடி.”